அன்று சுற்றறிக்கை, இன்று வாழ்த்து அட்டை

மாதத்தின் கடைசி வேலைநாள் பல்கலைக்கழக அலுவலகங்களில் விடைகொடுக்கும் நாள். அன்று இருட்டுவதற்குள் என் கைப்பேசியில் வாழ்த்து அட்டைகள் வரிசையாக வந்துவிடும். பொன்னாடை போர்த்திய ஒருவர், பக்கத்தில் பதிவாளர், மேலே பல்கலைக்கழகச் சின்னம், கீழே ‘பணி நிறைவு பாராட்டு விழா’ என்று பெரிய எழுத்து. இடையிடையே வேறு சேதிகளும் உண்டு. ஒருவர் கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு பெற்றிருப்பார். ஒருவர் வேலை பார்த்துக்கொண்டே படித்து முனைவர் பட்டம் வாங்கியிருப்பார். அலுவலர் அணி கைப்பந்துப் போட்டியில் கோப்பை வென்றிருக்கும். ஓய்வு பெற்றுத் தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிக்குத் திரும்பிய பிறகும் பழைய சகாக்கள் என்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுக்கவில்லை. ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பேன். முன்வரிசையில் இருப்பவர்களின் பெயர் கீழே போட்டிருக்கும். நான் தேடுவது பின்வரிசையில் நிற்பவர்களை.

நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் இப்படி அட்டை கிடையாது. ஊழியர் செய்தி என்றால் சுற்றறிக்கை. தர்மபுரியில் டைப்ரைட்டிங் ஹையர் வரை முடித்துவிட்டுத் தட்டச்சராகப் போனவள் நான் என்பதால் அந்தச் சுற்றறிக்கைகளில் பாதி என் விரல் வழியாகத்தான் பிறந்தன. ரிப்பனை விலக்கிவிட்டு, மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை உருளையில் ஏற்றி, வெறும் எழுத்தால் அதை வெட்ட வேண்டும். மெல்ல அடித்தால் எழுத்து விழாது. ஓங்கி அடித்தால் சுழி உள்ள எழுத்தின் நடுப்பகுதி தாளிலிருந்து கழன்று விழுந்துவிடும். தப்பு வந்தால் சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, அதன் மேலேயே மறுபடி அடிக்க வேண்டும். பிறகு அது சைக்ளோஸ்டைல் இயந்திரத்துக்குப் போகும். மை வாசனையோடு வரும் தாளை அலுவலக உதவியாளர் ஒவ்வொரு பிரிவாக எடுத்துப்போவார். படித்தவர்கள் ஓரத்தில் சுருக்கொப்பம் இடுவார்கள்.

அதில் இரண்டே வாக்கியம் இருக்கும். இன்னார் இந்த மாதக் கடைசி நாள் பிற்பகல் பணி ஓய்வு பெறுகிறார். அவர் பொறுப்பிலுள்ள கோப்புகளை இன்னார் ஏற்றுக்கொள்வார். முப்பது வருடத்துக்கும் மேலாக வேலை பார்த்தவருக்கு அவ்வளவுதான். மாலையில் பிரிவுக்காரர்கள் காசு சேர்த்து லட்டும் மிக்சரும் வாங்குவார்கள். ஒரு கைக்கடிகாரமோ குத்துவிளக்கோ கொடுப்பார்கள். மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

ஆனால் அச்சில் செய்தி இல்லாத அந்தக் காலத்தில் யார் எதில் கெட்டிக்காரர் என்பது கட்டடம் முழுக்கத் தெரிந்திருந்தது. தணிக்கைத் தடைக்குப் பதில் எழுத வேண்டுமா, நிதிப் பிரிவில் மூன்றாவது மேசைக்குப் போ. ஆட்சிக்குழுக் கூட்டத்துக்குப் பொருள் தயாரிக்க வேண்டுமா, அந்தக் கண்காணிப்பாளரைக் கேள். பழைய தேர்வுப் பதிவேடு வேண்டுமா, பதிவறை எழுத்தர் சொல்வார். இந்தப் பெயரை யாரும் விருது கொடுத்து வாங்கித் தரவில்லை. பத்து வருடம், பதினைந்து வருடம் ஒரே வேலையைத் தப்பில்லாமல் செய்து அவர்களே சம்பாதித்தது.

நான் வேலை பார்த்த இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. தமிழ்நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்துவதைத்தான் எழுதுகிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த அலுவலகங்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தன என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் படித்தவருக்கும் அன்று பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்து மாறியிருந்தால் பென்னாகரத்துப் பையன் இரவு பஸ் ஏறிச் சேப்பாக்கம் போக வேண்டும். போன அன்று வேலை முடியாவிட்டால் தங்க இடம் தேட வேண்டும். 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியபோது பாப்பாரப்பட்டிக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய லாபம், காலையில் கிளம்பிப் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம் என்பது. ஒரு பல்கலைக்கழகம் பக்கத்தில் வந்தால் வகுப்பறை மட்டும் பக்கத்தில் வருவதில்லை, தேர்வுப் பிரிவின் ஜன்னலும் பக்கத்தில் வருகிறது.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் நடக்கும் வேலை வெளியே தெரியாது. பட்டமளிப்பு விழாவுக்கு முந்தைய வாரங்களில் பெயர் சரிபார்க்க இருவர் இருவராக உட்காருவோம். ஒருவர் பதிவேட்டைப் பார்த்து உரக்கப் படிப்பார். மற்றவர் சான்றிதழில் விரல் வைத்துத் தொடர்வார். முதலெழுத்து, பெயர், பதிவெண், பாடம், வகுப்பு, தேர்ச்சி பெற்ற மாதம், வருடம். தர்மபுரிப் பக்கத்துக் கல்லூரிப் பட்டியல் வந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு மாதையன் இருப்பார்கள், இருவருக்கும் தகப்பன் பெயர் முனுசாமியாக இருக்கும். மூன்று மாதம்மாள் இருப்பார்கள். “பேரைப் பாத்து எண்ணுக்குப் போகாதேம்மா. எண்ணைப் பாத்துப் பேருக்கு வா” என்று எங்கள் கண்காணிப்பாளர் சொல்லிக்கொண்டே இருப்பார். மாலை ஆறு மணிக்குத் தொண்டை கட்டியிருக்கும், கண் எரியும். விழா மேடையில் ஒரு மாதையன் தன் சான்றிதழை வாங்கிக்கொண்டு இறங்குவான். அதில் இருப்பது அவன் பெயர்தான், இன்னொரு மாதையனுடையது அல்ல என்பதற்காக யாரும் கைதட்ட மாட்டார்கள். சரியாக இருக்கும் சான்றிதழை யாரும் திருப்பிப் பார்ப்பதும் இல்லை.

இன்னொரு வேலை உண்மைத்தன்மைச் சரிபார்ப்பு. அரசு வேலையில் சேர்ந்தவரின் பட்டம் உண்மைதானா என்று அவருடைய துறை பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்கும். பதில் போகாவிட்டால் தகுதிகாண் பருவம் முடிந்ததாக ஆணை வராமல் இழுக்கும். தபாலில் காத்திருந்து பார்த்துவிட்டு நேரிலேயே வந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி ஒருநாள் மலையடிவாரக் கிராமத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் கைக்குழந்தையோடு வந்து நின்றார். அவர் படித்த காலத்துப் பதிவேடு கணினியில் ஏறியிருக்கவில்லை.

பதிவறை எழுத்தர் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “எந்த வருசம்மா? ஏப்ரலா, நவம்பரா?”

“நவம்பருங்க சார். ஒரு பேப்பர் போயி அப்புறம் எழுதுனேங்க.”

அவர் தலையாட்டிவிட்டு ஏணியை நகர்த்தினார். அட்டை கிழிந்த பதிவேடுகள், முதுகில் எழுதியிருந்த வருடமும் அழிந்துபோனவை. மேலிருந்து இரண்டாவது தட்டில், இடமிருந்து மூன்றாவதை உருவி, துணியால் துடைத்து, மொறமொறத்துப்போன பக்கங்களை உள்ளங்கையால் தாங்கித் தாங்கித் திருப்பினார். ஆசிரியையின் பெயர் இருந்தது. தவறிய தாளின் மதிப்பெண் சிவப்பு மையிலும், அடுத்த பருவத்தில் தேறியது நீல மையிலும் இருந்தன. நான் கடிதம் அடித்தேன், அலுவலர் கையெழுத்திட்டார், மூன்று மணிக்கு அந்த அம்மா கிளம்பினார். “நீங்க நல்லா இருக்கணுங்க அய்யா” என்று பதிவறை எழுத்தரைப் பார்த்துச் சொன்னார். அந்த வருடம் அந்தக் கட்டடத்தில் நடந்த சாதனைகளை எழுதச் சொன்னால் நான் இதைத்தான் முதலில் எழுதுவேன். எங்கேயும் இது எழுதப்படவில்லை.

கோப்புகளுக்கு ஆயுள் குறிக்கும் வழக்கம் பழைய சென்னை மாகாணத்து அலுவலகங்களிலிருந்து வருகிறது. ஒரு கோப்பை முடிக்கும்போது அதை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்றும் முடிவு செய்ய வேண்டும். ஆர்.டிஸ். என்று போட்டால் நிரந்தரம். டி.டிஸ். பத்து வருடம், கே.டிஸ். மூன்று வருடம், எல்.டிஸ். ஒரு வருடம். எது நிலைக்க வேண்டும், எது கழிய வேண்டும் என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அந்த நான்கு முத்திரைகளில் இருந்தது. ஊழியருடைய வாழ்க்கையில் நிரந்தரமாக நிற்பது அவரது பணிப்பதிவேடு. சேர்ந்த நாள் முற்பகலா பிற்பகலா என்பது முதல் ஊதிய உயர்வு, ஈட்டிய விடுப்பு, இடமாறுதல், தண்டனை வரை எல்லாம் அதில் ஏறும். கண்டனம் வழங்கினால் ஆணை எண்ணோடு ஏறும். பாராட்டும் ஏறலாம், ஆனால் அதற்கு யாராவது எழுத்தில் ஆணை போட வேண்டும். மேலதிகாரிகள் தண்டனையைத் தாளில் கொடுத்தார்கள், பாராட்டை வாயால் கொடுத்தார்கள். ஆகையால் எங்கள் பதிவறை எழுத்தரின் பணிப்பதிவேட்டில் ஒருமுறை அவர் தாமதமாக வந்ததற்கான குறிப்பு இருந்தது. அவர் ஏணியில் ஏறிய நாட்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இது எங்கள் காலத்துக் குறை மட்டும் அல்ல. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் சீனிவாச ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அப்போது அவர் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்த எழுத்தர். கையில் பட்டம் இல்லை, உதவித்தொகையோ உயர்பட்டம் பெற்றவர்களுக்கு உரியது. வானிலை ஆய்வுத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் பதிவாளர் டியூஸ்பரிக்குக் கடிதம் எழுதினார். கணிதப் பாடக் குழு பரிந்துரைத்தது, ஆட்சிக்குழு ஏற்றது. வாக்கர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. பதிவாளர் பெயரும் இருக்கிறது. அந்தக் கடிதத்தைப் பதிவு செய்து எண் கொடுத்தவர், விதி இடம் கொடுக்குமா என்று தேடிக் குறிப்பு எழுதியவர், கூட்டத்துக்குப் பொருளாக வைத்தவர், மாதா மாதம் பணம் போகப் பட்டியல் போட்டவர் யார் யாரோ. ஒரு கை அந்தத் தபாலை ‘பின்னர் பார்க்கலாம்’ என்று ஒதுக்கி வைத்திருந்தால் எத்தனை மாதம் போயிருக்கும்! உலகம் போற்றும் ஒரு வாழ்க்கையின் திருப்பத்தில் சில குமாஸ்தாக்கள் தங்கள் வேலையை உரிய நேரத்தில் செய்தார்கள். பல்கலைக்கழக நிர்வாகம் என்பதன் உயரம் எவ்வளவு என்று என்னைக் கேட்டால் அந்தக் கோப்பைத்தான் காட்டுவேன்.

இன்று நிலைமை மாறிவிட்டது, பல வகையில் நல்லபடியாக. இதை மனமாரச் சொல்கிறேன். நாங்கள் சேர்ந்த காலத்தில் பெண்கள் பெரும்பாலும் தட்டச்சர்கள். ‘டைப்பிஸ்ட் அம்மா’ என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள், பெயர் தெரிந்தவர்கள் பிரிவுக்குள் மட்டும் இருந்தார்கள். இன்று பெண்கள் உதவிப் பதிவாளர்கள், துணைப் பதிவாளர்கள். வயதில் மூத்த அலுவலக உதவியாளரை இளம் அதிகாரி ‘வா, போ’ என்று கூப்பிட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்று அவருடைய ஓய்வு அட்டையில் ‘திரு.’ போட்டுப் படத்தோடு பெயர் வருகிறது, பக்கத்தில் அவர் மனைவியும் பிள்ளைகளும் நிற்கிறார்கள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். என் காலத்துச் சுற்றறிக்கையை யாரும் சட்டம் போட்டதில்லை. பட்டச் சான்றிதழ் டிஜிலாக்கரில் கிடைக்கிறது. மலையடிவாரத்து ஆசிரியைகள் கைக்குழந்தையோடு பஸ் ஏற வேண்டிய நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

இப்படி ஊழியர் செய்தி சேகரிக்கும் பழக்கத்துக்கு முக்கியக் காரணம் நாக் எனப்படும் தேசிய மதிப்பீட்டுக் குழு. 1994இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய அது ஏழு அளவுகோல்களை வைத்துப் பல்கலைக்கழகங்களை எடை போட்டது. அதில் ஆறாவது நிர்வாகமும் தலைமையும். ஆசிரியர் அல்லாத பணியாளர்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள், எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று கேட்டு, அதற்கு ஆதாரமும் கேட்டார்கள். அதனால் ஒவ்வொரு பயிலரங்குக்கும் அழைப்பிதழ், வருகைக் கையொப்பம், இடமும் நேரமும் பதிந்த புகைப்படம் என்று தொகுக்கத் தொடங்கினார்கள். நிர்வாகப் பிரிவில் வேலை செய்கிறவர்களும் கணக்கில் வர வேண்டியவர்கள் என்று வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. சொன்னது நல்லது.

குறை எங்கே என்றால், எது படமாகிறதோ அதுவே செய்தியாகிறது. பயிலரங்கு படமாகும். பதவியேற்பு படமாகும். மாலை ஆறு மணி வரை மாதையன்களைப் பிரித்தெடுத்தது படமாகாது. அன்று செய்தி இல்லை, ஆனால் வேலை தெரிந்திருந்தது. இன்று செய்தி இருக்கிறது, வேலை கண்ணில் படுவதில்லை. இன்னொன்று இதைவிடப் பெரியது. படத்தில் பின்வரிசையில் நிற்பவர்களில் பலர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். நிரந்தரப் பணியிடங்கள் காலியாகும்போது அந்த மேசைகளின் வேலை அவர்கள் தலையில் ஏறுகிறது. மதிப்பெண் பதிவேற்றுவது, தொலைபேசியில் மாணவருக்குப் பதில் சொல்வது, சான்றிதழ் அச்சிடுவது எல்லாம் அவர்கள் கைகள். அவர்களுக்குப் பணிப்பதிவேடு கிடையாது. பதவி உயர்வு கிடையாது. வேலையை விட்டுப் போகிற நாளில் அட்டையும் வருவதில்லை. குழுவில் ஒரு வரி வரும், ‘இன்னார் குழுவிலிருந்து வெளியேறினார்’ என்று, அதையும் கைப்பேசியே எழுதிவிடுகிறது.

நிரந்தரப் பணியில் இருந்தவர்களுக்கும் காலம் ஒரே மாதிரி இருக்கவில்லை. 1.4.2003க்குப் பிறகு சேர்ந்தவர்கள் எங்களைப் போல் பழைய ஓய்வூதியத்தில் வராமல் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வந்தார்கள். 2013இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக நிர்வாகத்தை அரசு ஏற்றுக்கொண்டது. அங்கே தேவைக்கு மேல் இருந்த ஊழியர்களைப் பின்னர் பணிநிரவலில் மாநிலத்தின் பல ஊர்களில் உள்ள கல்லூரிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். சிதம்பரத்தில் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் இருக்க, முன்பின் தெரியாத ஊரில் அறை எடுத்துத் தங்கி, பரிச்சயம் இல்லாத கோப்புகளைக் கற்றுக்கொண்டு வேலை செய்தார்கள். ஊழியர் சாதனை என்று ஒரு பக்கம் ஒதுக்கினால் அதில் இவர்களுக்கு முதல் இடம் தர வேண்டும்.

எங்கள் பாப்பாரப்பட்டியிலேயே பல்கலைக்கழகத்தின் ஒரு கிளை இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம். 1974இல் புதுச்சேரியில் நாட்டின் முதல் நிலையம் தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. நாடு முழுவதும் ஒரு நிலையத்துக்கு 16 பணியிடங்கள் என்பது வகுத்த கணக்கு. தலைவர் ஒருவர், பாட வல்லுநர்கள் ஆறு பேர், திட்ட உதவியாளர் நிலையில் மூவர். மீதி ஆறு இடங்கள் உதவியாளர், சுருக்கெழுத்தர், ஓட்டுநர் இருவர், துணைப் பணியாளர் இருவர். சாமை, ராகி, நிலக்கடலை, மா என்று மழையை நம்பிப் பயிர் செய்யும் மாவட்டத்தில் வல்லுநர் வயலுக்கு வந்து சேர வண்டி ஓட வேண்டும், பயிற்சிக்கு ஆள் சேர அறிவிப்பு போக வேண்டும், விதைக்கான பணம் கணக்கில் சரியாக ஏற வேண்டும். விளைச்சல் கூடினால் அந்தச் செய்தியில் பதினாறு பேருக்கும் பங்கு இருக்கிறது.

பெயரைப் பதிந்து வைப்பதன் மதிப்பு இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சுப்பிரமணிய சிவா இங்கே ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட நினைத்து, 1923இல் சித்தரஞ்சன் தாசைக் கொண்டு அடிக்கல் நாட்டினார். 1925இல் இங்கேயே மறைந்தார். ஏறக்குறைய நூறாண்டு கழித்து அந்த எண்ணம் நினைவாலயமாக எழுந்தது. தொடங்கியவர் யார், எதற்காக, எந்த வருடம் என்பது மறக்காமல் இருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அதை எடுத்துச் செய்ய முடிந்தது.

ஆகவே அட்டை போடுகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் கேட்பது இது. அட்டையை நிறுத்தாதீர்கள். ஓய்வு பெறுகிறவரின் பெயருக்குக் கீழே அவர் செய்த ஒரு வேலையை ஒரே வரியில் எழுதுங்கள்; எந்தப் பதவியில் இருந்தார் என்பதோடு, யாருக்கு எதைச் சரியாகச் செய்து கொடுத்தார் என்பதையும். அவருக்குத் தெரிந்த வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்க ஓய்வுக்கு முந்தைய மாதத்தில் சில நாட்கள் ஒதுக்கச் சொல்லிப் பதிவாளரிடம் கேளுங்கள். பழைய சுற்றறிக்கையின் இரண்டாவது வாக்கியம் கோப்புகளை யார் ஏற்றுக்கொள்வார் என்று சொன்னது, அந்தப் பொறுப்புணர்வு இன்றும் தேவை. பின்வரிசையில் நிற்பவர்களின் பெயர்களையும் போடுங்கள், தொகுப்பூதியம் என்று விட்டுவிடாதீர்கள். பாராட்டை எழுத்தில் ஆணையாகக் கேட்டு வாங்குங்கள். பணிப்பதிவேடு இருப்பவருக்கு அதில் ஏற்றுங்கள், இல்லாதவருக்குக் கையில் ஒரு சான்றாகக் கொடுங்கள். நாளைக்கு அவர் வேறோர் இடத்தில் வேலை கேட்டுப் போகும்போது அந்தத் தாள் உதவும். அந்தப் பாராட்டுக் கோப்பை முடிக்கும்போது மேலே ஆர்.டிஸ். என்று போடுங்கள்.